மூட்டை எண்ணிக்கை

அவர்கள் வந்ததும் முதலில் மாற்றியது
கொடியை அல்ல என்பேன்,
துறைமுக அலுவலகத்துக் கடிகாரத்தை.
முள்ளை ஒன்றரை மணி முன்னே தள்ளினார்கள்.
டோக்கியோவில் விடிந்துவிட்டால்
தஞ்சோங் பகாரிலும் விடிந்தாக வேண்டும்.
இருட்டில் எழுந்து, இருட்டில் நடந்து,
வரிசையில் நின்று கிழக்கே குனிந்தோம்.
பிந்தி வந்தது சூரியன் ஒன்றுதான்.
அதை யாரும் அறையவில்லை.

என் கையெழுத்து அழகாக இருக்கும்.
அதில்தான் தொடங்கியது எல்லாம்.
வெள்ளைக்காரனுக்கு அரிசி எண்ணிய பேரேட்டில்
பாதிப் பக்கம் மிச்சமிருந்தது.
அதையே என் முன் விரித்து
ஆள் எழுதச் சொன்னார்கள்.
சயாமுக்கு. ரயில் பாதை போட.
மூன்றே மாதம், நாளுக்கு ஒரு வெள்ளி,
திரும்பும்போது துணி.
'மூட்டை எண்ணிக்கை' என்று அச்சிட்ட கட்டத்தில் எழுதினேன்:
வைரன். இருளப்பன். பெரியான்.
விஞ்சில் கட்டைவிரலை விட்டிருந்த லாசர்
ஆள்காட்டி விரலில் மை தொட்டு வைத்தான்.

முப்பத்தேழாவது ஆள் கொளஞ்சி.
"ஐயா, அங்க மழ பெய்யுமா?"
"பெய்யும்" என்றேன்.
அன்றைக்கு நான் சொன்னவற்றில்
அது மட்டும் பொய்யாகவில்லை.

பிறகு ஒரு செப்டம்பரில்
வாழைமரம் அச்சடித்த நோட்டுகள்
சிராங்கூன் சடக்குச் சாக்கடையில் மிதந்தன.
காலையில் ஒரு கோழி வாங்கிய கட்டு
மாலையில் அடுப்புப் பற்றவைக்க உதவியது.
பழைய துரைகள் எலும்பும் தோலுமாய்ச்
சிறையிலிருந்து வந்தார்கள்.
புதிய துரைகள் கொழுத்துக் கப்பலில் வந்தார்கள்.
கடிகார முள்ளைப் பின்னே தள்ளி
ஒன்றரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.
அதை மட்டும்.

என்னை யாரும் தூக்கில் போடவில்லை.
"உன் கையெழுத்து நன்றாக இருக்கிறதே" என்றார் புதிய காப்டன்.
அதே மேசை. அதே மைக்கூடு.
இப்போது திரும்பி வந்தவர்களின் பட்டியல்.
மூன்று கட்டம் போட்டேன்:
வந்தார். இறந்தார். தெரியவில்லை.
முதலிரண்டும் வெறிச்சென்று கிடக்க
மூன்றாவதற்கு ஒட்டுக்காகிதம் சேர்க்க வேண்டியிருந்தது.
பெரியான் வந்தான், காலில் குழிப்புண்ணோடு.
என்னைப் பார்த்தான்.
துப்பியிருந்தால் தேவலை.
"நல்லா இருக்கீங்களாய்யா?" என்றான்.

செங்கமலம் ஒரு பிள்ளையோடு வந்தாள்.
சின்னக் கண், நேர் முடி, நெற்றியில் சாந்துப் பொட்டு.
"இது கொளஞ்சி மக" என்றாள், என் கண்ணைப் பார்க்காமல்.
அறை முழுக்கத் தெரியும்,
கடற்கரைக்கு லாரியில் கொண்டுபோகப்பட்ட எவனோ ஒரு கடைக்காரனின் மகள்.
தாய் இரண்டு டின் பாலோடு கொடுத்துவிட்டு
திரும்பிப் பார்க்காமல் போனவள்.
"நான் மூணு வருசமா கெழங்கு அவிச்சுப் போட்டேன். எம் மகதான்."
அதற்குள் அந்தப் பிள்ளை
"யம்மா, இந்தாளு கை ஏன் ஆடுது?" என்றது,
கடலூர்ப் பக்கத்துத் தமிழில்.

நிவாரணம் வேண்டுமென்றால்
கொளஞ்சி 'தெரியவில்லை'யில் இருக்கக் கூடாது.
இறந்திருக்க வேண்டும்.
சாட்சி ஒருவர் கையொப்பமிட வேண்டும்.
பெரியானைக் கேட்டேன்.
"ரெண்டாவது முகாம்ல பாத்தேன்.
அப்புறம் வாந்திபேதி வந்துச்சு.
குழி தோண்டினேன், மொகம் பாத்துத் தோண்டல."

செங்கமலம் கேட்கவில்லை.
ஜன்னலில் நின்று, துறைமுகத்தில்
மூட்டை இறங்குவதைப் பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.
ஒன்னு. ரெண்டு. மூனு.
பிள்ளை கூடவே எண்ணியது.

பேனாவைத் தொட்டேன்.
ஒருமுறை இவனை நல்ல கையெழுத்தில் ரயிலேற்றினேன்.
இனி நல்ல கையெழுத்தில்
குழியிலும் இறக்க வேண்டும்.
எழுதினேன்.
சாட்சி என்ற இடத்தில் என் பெயர்.
மகள் என்ற இடத்தில்
"பேர் என்னம்மா?" என்று கேட்டபோது
வெளியே பெரிய மழை பிடித்துக்கொண்டது,
தாய் சொன்னது காதில் விழவில்லை.
மறுபடி கேட்கத் தயங்கி
பேனாவைத் தூக்கியபடியே இருக்கிறேன்.